பதினோராம் எண்ணும் ஜெர்சி பீட்டும்

நவம்பர் 8, சனி

ஆஷ்ஃபீல்டு 64, எதிரணி 51. கூடைப்பந்து சீசனின் முதல் ஆட்டம், முதல் வெற்றி. பதினோராம் எண்ணுக்குப் பதினான்கு பாயிண்ட். பந்தை மூன்று முறைதான் பறிகொடுத்தாள்.

லேப்டாப்பில்தான் பார்த்தேன். காலேஜ்காரர்கள் ஒரே ஒரு கேமராவை மேலே கட்டிவைத்து ஒளிபரப்புகிறார்கள். பந்து இந்தக் கோடிக்கு வந்தால் பாதிப் படத்தை ஒரு தூண் மறைத்துவிடும். பதினோராம் எண் தூணுக்குப் பின்னால் போய்த் திரும்பி வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெற்றவன் நிலைமை இது.

என் மகள் ஓவியா, அந்தப் பதினோராம் எண், பென்சில்வேனியாவில் ஆஷ்ஃபீல்டு காலேஜில் மூன்றாம் வருடம் படிக்கிறாள். என் மனைவி தாமரை டெக்சாஸில், பேர்லேண்ட் வீட்டில். ஹூஸ்டனில் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. நான் ஜெர்சி சிட்டியில் பேங்க் ஒன்றில் சாஃப்ட்வேர் காண்ட்ராக்ட், ஜர்னல் ஸ்கொயர் பக்கம் ஒற்றை அறை. ஆறு மாதம் என்றார்கள், பதினாறு மாதம் ஆயிற்று. மூன்று பேர், மூன்று மாநிலம், மூன்று ஃப்ரிட்ஜ். என் ஃப்ரிட்ஜில் இப்போது தயிரும் எலுமிச்சை ஊறுகாயும் இருக்கின்றன.

ஆட்டம் முடிந்து ஓவியாவிடமிருந்து மெசேஜ். செவ்வாய் ஆட்டத்துக்கும் லிஸ்டில் பெயர் போட்டிருக்கிறாளாம். ஒவ்வோர் ஆட்டக்காரியும் வாசல் மேசையில் நான்கு பேர் பெயர் கொடுக்கலாம். அவர்களுக்கு டிக்கெட் வேண்டாம். சுப்பையன் என்று எழுதினால் அங்கே ஒருத்தருக்கும் வாயில் நுழையாது என்று ‘அப்பா’ என்றே எழுதிக்கொடுக்கிறாள். போன வருடம் ஒரே ஒரு தடவை போனேன். மேசையில் இருந்த பெண் ‘மிஸ்டர் அப்பா?’ என்று மரியாதையாகக் கேட்டாள்.

அந்த ஒரு தடவையோடு சரி. இரண்டாம் பாதியில் எழுந்து நின்று ‘அம்முணி, லெஃப்ட்ல போ! லெஃப்ட்ல போ!’ என்று கத்திவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் அவள் சொன்னாள், இங்கிலீஷில்தான்: ‘நீங்க வாங்க அப்பா, ஆனா கத்தாதீங்க.’ எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அப்புறம் போகவில்லை. கார் இல்லை, பஸ்ஸில் மூன்று மணி நேரம் என்று காரணம் சொல்லிக்கொள்கிறேன். அவள் மட்டும் பெயர் போடுவதை நிறுத்தவே இல்லை.

நவம்பர் 12, புதன்

இரண்டாவது ஆட்டமும் வெற்றி. ரசிகர் பக்கத்தில் ஒரு முழம் எழுதினேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயாவது எழுதி வைக்கிறேன். ஆஷ்ஃபீல்டு பெண்கள் அணிக்கு இணையத்தில் ஒரு ரசிகர் பக்கம் இருக்கிறது. பழைய மாணவர்கள், ரிட்டயர் ஆன வாத்தியார்கள், மொத்தம் பதினெட்டு இருபது பேர். கத்தக்கூடாது என்று அவள் சொன்ன அதே வாரம் நானும் சேர்ந்தேன். சுப்பையன் என்று போட்டால் யார் அப்பன் என்று தெரிந்துவிடும். அதனால் ஜெர்சி பீட். வயதான வெள்ளைக்காரன், ஆட்டம் தெரிந்தவன், நாலு வார்த்தை நிதானமாகப் பேசுபவன் என்று நானே ஓர் ஆளை உண்டாக்கிக்கொண்டேன்.

சும்மா சொல்லக்கூடாது, பீட்டுக்கு மரியாதை இருக்கிறது. ‘பீட் என்ன சொல்கிறார்?’ என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் எழுதுகிறார்கள். ஆபீஸில் என்னிடம் கேட்கும் ஒரே கேள்வி ‘டெஸ்டிங் முடிஞ்சுதா?’ என்பதுதான்.

நவம்பர் 16, ஞாயிறு

மூன்றுக்கு மூன்று. தாமரை போன் பண்ணினாள்.

‘ஏனுங்க, சாப்டீங்களா?’

‘ஆச்சு.’

‘என்னன்னு கேட்டா சொல்லோணும்ல.’

‘தயிர்சாதம்.’

‘நேத்தும் அதேதானுங்க சொன்னீங்க. கோயில்ல சாந்தியப் பாத்தேனுங்க. ரெண்டு புள்ளைகளும் சேந்து ரூம்ல இட்லி ஊத்துனாங்களாமா, வெசாகா போட்டோ அனுப்பியிருக்கறா.’

சாந்தி எங்கள் பேர்லேண்ட் தெருக்காரி. அவள் மகள் விஷாகாவும் ஓவியாவும் இரண்டாம் வகுப்பிலிருந்து சேர்ந்தே படிக்கிறார்கள். இப்போது காலேஜிலும் ஒரே ரூம். இட்லி போட்டோவை எனக்கு யாரும் அனுப்பவில்லை. கேட்டு வாங்குவதற்கு வெட்கமாக இருந்தது.

நவம்பர் 22, சனி

ஐந்துக்கு ஐந்து! இருபத்திரண்டு பாயிண்ட் போட்டாள். ரசிகர் பக்கம் தீப்பிடித்துக்கொண்டது. ‘பதினோராம் எண் மாதிரி ஒருத்தியை முப்பது வருடத்தில் பார்த்ததில்லை.’ ‘பத்தொன்பது வருடம் கழித்து மார்ச் தேசியப் போட்டிக்குப் போகப் போகிறோம், இவள் ஒருத்தியால்.’ ஒருவர் அவள் படத்துக்குத் தலையில் கிரீடம் வரைந்து போட்டிருக்கிறார்.

இத்தனை பேர் கண்ணும் ஒரே இடத்தில் விழுந்தால் என்ன ஆவது?

பேர்லேண்டில் யாராவது ‘உங்க பொண்ணு நல்லா ஆடறாளாமே’ என்றால் தாமரை சட்டென்று ‘எங்கீங்க, ஒருவாய் சோறு திங்கறதில்லீங்க, படிப்பும் சுமார்தானுங்க’ என்பாள். படிப்பெல்லாம் நன்றாகத்தான் படிக்கிறாள். நானும் அப்படித்தான் சொல்வேன், என் அப்பாவும் என்னை அப்படித்தான் சொன்னார். பெற்ற பிள்ளையை நாம் புகழக்கூடாது. அடுத்தவர் புகழ்ந்தால் ஒரு குறையைச் சொல்லி இறக்கிவைத்துவிட வேண்டும். இந்த வெள்ளைக்காரர்களுக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது? கிரீடம் வரைகிறார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

காலையிலிருந்து எழுதி மத்தியானம் அனுப்பினேன். சீசன் தொடங்கி இரண்டு வாரம் ஆனதும் பீட்டின் மதிப்பீடு வரவேண்டும் என்று போன வருடமே அவர்கள் வழக்கமாக்கிவிட்டார்கள்.

எங்கள் பிரிவில் பத்துக் கல்லூரிகள். பிப்ரவரியில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால்தான் அடுத்த கட்டம். அதிலும் ஜெயித்தால்தான் மார்ச்சில் தேசியப் போட்டி. நவம்பர் கணக்கை அப்படியே நம்பக்கூடாது என்று ஆரம்பித்தேன். யார் ஜெயித்தார்கள் என்பதைவிட யாரை ஜெயித்தார்கள் என்று பார்க்க வேண்டும். செயின்ட் ஆல்டன் ஆறுக்கு ஆறு, ஆனால் அடித்தது முழுக்கச் சவலைப் பிள்ளைகளை. ஜனவரியில் சாயம் வெளுக்கும். கிரேவ்ஸ்போர்ட் நாலு தோல்வி என்று யாரும் சிரிக்க வேண்டாம், நாலும் பெரிய அணிகளிடம், நாலிலும் கடைசி ஐந்து நிமிடம் வரை நின்றார்கள். புதுப் பெண்கள்; பிப்ரவரியில் எல்லார் உயிரையும் வாங்குவார்கள். மார்லோதான் உண்மையான ஆபத்து. போன வருட ஐந்து பேரும் அப்படியே இருக்கிறார்கள், தடுப்பாட்டத்தில் மூச்சுவிட இடம் கொடுப்பதில்லை. மற்ற ஆறில் யாருக்கும் இந்த வருடம் வழியில்லை.

பிறகு ஆஷ்ஃபீல்டு. அங்கேதான் கை தானாக ஓடியது.

‘பதினோராம் எண்ணை எல்லாரும் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறீர்கள். அவளுக்கு இடது கை கிடையாது. இடது பக்கம் பாஸ் கொடுப்பதற்கு முன் பந்தைக் கூடுதலாக ஒரு தட்டுத் தட்டுவாள், கவனித்துப் பாருங்கள். சின்ன வயதில் இடது மணிக்கட்டு முறிந்தவர்கள் இப்படித்தான் ஆடுவார்கள். கெட்டிக்கார கோச் ஒருத்தி அவளை இடப்பக்கமே தள்ளிக்கொண்டிருந்தால் ஆஷ்ஃபீல்டு பிப்ரவரியைக்கூடப் பார்க்காது.’

அனுப்பியதும் மனசு லேசாயிற்று. மிளகாய் சுற்றிப் போட்டாற்போல் இருந்தது. எழுந்து போய் ரசம் வைத்தேன்.

நவம்பர் 24, திங்கள்

நாற்பத்தொரு பதில்! கிரீடத்தை எடுத்துவிட்டார்கள்.

நவம்பர் 27, வியாழன்

தேங்க்ஸ்கிவிங். ஆபீஸ் இல்லை. ஜன்னலுக்குக் கீழே ரோடு துடைத்துவிட்டாற்போல் கிடக்கிறது. தாமரைக்கு ட்யூட்டி. ஓவியாவுக்கு சனிக்கிழமை ஆட்டம், அதனால் விஷாகாவோடு காலேஜிலேயே. மத்தியானம் ஜர்னல் ஸ்கொயரில் திறந்திருந்த ஒரே கடையில் தோசை தின்றேன். பக்கத்து மேசையிலும் என்னைப் போல் ஒருத்தன், போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு. பேசலாமா என்று யோசிப்பதற்குள் எழுந்து போய்விட்டான்.

ஓவியாவுக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம். ‘அப்பா, சாப்டீங்களா?’ அந்த ஒரு வார்த்தை மட்டும் தமிழில் கேட்பாள். ‘பிரமாதமா சாப்ட்டேன் சாமி’ என்றேன்.

டிசம்பர் 3, புதன்

மார்லோ 71, ஆஷ்ஃபீல்டு 48.

எழுதக் கை வரவில்லை. முதல் நிமிடத்திலிருந்தே இரண்டு பேர் அவளுக்கு வலப்பக்கம் நின்றுகொண்டார்கள். இடப்பக்கம் வாசலைத் திறந்துவைத்தாற்போல் விட்டார்கள். போனாள். ஒரு கூடுதல் தட்டு. அந்தத் தட்டுக்கு முன்பே ஒருத்தி பாய்ந்து வந்து பந்தைத் தட்டிப் போனாள். மறுபடியும். மறுபடியும். பதினோரு தடவை பறிகொடுத்தாள், எண்ணினேன்.

மார்லோ பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்துகொண்டு, அவள் பந்தைத் தொடும்போதெல்லாம் ‘லெஃப்ட்! லெஃப்ட்!’ என்று கத்தினார்கள். போன வருடம் நான் கத்திய அதே வார்த்தை. ஒருவன் மணிக்கட்டில் வெள்ளைத்துணி சுற்றிக்கொண்டு ஆட்டி ஆட்டிக் காட்டினான். கேமரா தூரத்தில் இருந்தாலும் அது தெரிந்தது.

படித்திருக்கிறார்கள். வேறெப்படி?

டிசம்பர் 4, வியாழன்

லஞ்ச் நேரத்தில் போன். ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினேன். அழுதாள். ஒன்பது வயதுக்கப்புறம் அவள் அழுது நான் கேட்டதில்லை.

‘நெட்ல ஒருத்தர் என்னைப் பத்தி எழுதியிருக்கார் அப்பா. என் ரிஸ்ட் பத்தி. இங்க யாருக்கும் அது தெரியாது. கோச்சுக்கே தெரியாது.’

நான் என்ன சொன்னேன்? ‘எவனோ கண்டதையும் எழுதுவான், நீ ஏன் படிக்கறே’ என்று சொன்னேன். நாக்கு எப்படிப் புரண்டது என்றே தெரியவில்லை.

‘இங்க ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும். விஷாகா. அவதான் யார்கிட்டயோ சொல்லியிருக்கணும்.’

‘அவளா இருக்காது’ என்றேன்.

‘அப்ப யாரு?’ என்றாள்.

டெஸ்டிங் மீட்டிங் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். மீட்டிங் எதுவும் இல்லை.

டிசம்பர் 5, வெள்ளி

சொல்லவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

தாமரை கோயிலிலிருந்து நேராகக் காருக்குள் உட்கார்ந்து போன் பண்ணினாள்.

‘சாந்தி மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறாளுங்க. என்னடின்னு கேட்டா, உன் புள்ள எம்புள்ளய திருடி கணக்கா பேசியிருக்கறா, அவ ரூம மாத்திக்கிட்டுப் போயிட்டாங்கறா. நம்மூட்டு மேல அப்படி என்னங்க கோவம்? உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?’

‘எனக்கென்ன தெரியும்?’

மூன்று பொய் ஆயிற்று. இரண்டாம் வகுப்பில், ஓவியா கையில் கட்டோடு ஸ்கூலுக்குப் போன ஆறு வாரமும் அவள் டிபன் டப்பாவைத் திறந்துகொடுத்தது அந்த விஷாகாதான்— இல்லை, அது நாலாம் வகுப்பு. என்னவாக இருந்தால் என்ன.

டிசம்பர் 9, செவ்வாய்

மதிப்பீட்டை அழித்தேன். புண்ணியமில்லை, மார்லோக்காரன் எவனோ படம் பிடித்து வைத்திருக்கிறான், அதுதான் சுற்றுகிறது. அழித்ததும் ரசிகர் பக்கத்தில் ஒருவர் எழுதுகிறார்: ‘பீட், ஏன் பின்வாங்குகிறீர்கள்? நீங்கள் சொன்னது சரிதானே.’

சரிதான். அதுதானே கஷ்டம். பொய்யாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகலாம்.

அந்த இடது கை யாரால்? ஸ்கூலில் கம்பியிலிருந்து விழுந்து வந்த பிள்ளைக்குக் கட்டுப் போட்டிருந்தபோது, அழாமல் இருக்கட்டும் என்று கூடை வாங்கி வீட்டு முன்னால் மாட்டினவன் நான். ‘அந்தக் கைய விடு அம்முணி, சோத்துக்கையாலயே தட்டு’ என்று சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். கட்டுப் பிரித்த பிறகு அதை மாற்றிச் சொல்ல மறந்துபோனேன். என்னால் வந்த குறை. அதை எடுத்து நானே ஊருக்குக் காட்டிக்கொடுத்தேன். எவனாவது பண்ணுவானா? நான் பண்ணினேன்.

சொன்னால் பேசமாட்டாள். சொல்லாவிட்டால் விஷாகாவோடு பேசமாட்டாள். எனக்காவது இந்த லேப்டாப் இருக்கிறது. அவளுக்கு அங்கே விஷாகாவை விட்டால் யார்?

டிசம்பர் 13, சனி

சொல்லிவிட்டேன். அப்படியே எழுதி வைக்கிறேன், பின்னால் நானே மாற்றி நினைத்துக்கொள்ளாமல் இருக்க.

‘விஷாகா இல்ல சாமி. நான்தான்.’

முதலில் புரியவில்லை அவளுக்கு. யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டாள். யாரிடமும் சொல்லவில்லை, எழுதியதே நான்தான் என்றேன்.

‘ஏன்?’

‘எல்லாரும் உன்ன ரொம்பப் புகழ்ந்தாங்க. கண்ணு பட்டுரும்னு பயந்துட்டேன். ஒரு குறையச் சொல்லி வெச்சா...’ இதை பேர்லேண்டில் சொன்னால் புரியும். போனில், அவளிடம், எனக்கே கேட்க அசிங்கமாக இருந்தது.

‘அதாவது, எல்லாரும் என்னை நல்லா சொன்னதை நிறுத்தறதுக்காக எழுதினீங்க’ என்றாள். இங்கிலீஷில், ஒவ்வொரு வார்த்தையாக.

‘உனக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னு.’

பிறகு கேட்டாள். ‘நீங்கதான் ஜெர்சி பீட்டா?’

‘ஆமா.’

‘போன வருஷத்துலேர்ந்து ஒவ்வொரு மேட்சுக்கு அப்புறமும் நான் அவர் எழுதறதைப் படிப்பேன். நாங்க தோத்த அன்னிக்குக்கூட. அவர் கத்தமாட்டார். என்ன பார்த்தார்னு மட்டும் சொல்வார். எங்கப்பாவும் இப்படிப் பேசினா எப்படி இருக்கும்னு விஷாகாகிட்ட சொல்லியிருக்கேன்.’

வைத்துவிட்டாள்.

இத்தனை மாநிலம் தாண்டி வந்து இந்த அறையில் உட்கார்ந்து என்னடா சாதித்தாய், சுப்பையா? பெத்த புள்ளைக்குப் புடிச்ச மாதிரி பேச உனக்குத் தெரியும். வேற எவன் பேரையோ வெச்சுக்கிட்டுத்தான் தெரியும். தூ.

டிசம்பர் 14, ஞாயிறு

தாமரையிடமும் சொன்னேன். திட்டவில்லை. ‘ஏனுங்க, ஊட்டு வாசப்படில சொல்றத ஊரு மேடையில போயி சொல்லலாமுங்களா?’ என்று கேட்டுவிட்டு அவளும் அழுதாள். சாந்தி வீட்டுக்குத் தானே நேரில் போகிறேன் என்றாள்.

டிசம்பர் 24, புதன்

ஓவியாவுக்கு லீவு ஐந்து நாள். பேர்லேண்ட் போயிருக்கிறாள். எனக்கும் டிக்கெட் போட்டிருந்தது. நேற்று தாமரை போன் பண்ணி, தயங்கித் தயங்கி, ‘இந்தத் தடவ நீங்க வர வேண்டாமுங்க. புள்ள கேக்கறா’ என்றாள்.

சரி என்றேன். பெட்டியில் எடுத்துவைத்ததைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். அவளுக்கு வாங்கிய கையுறை மட்டும் பெட்டியிலேயே இருக்கிறது. ஊர் உலகத்துக்கெல்லாம் கிறிஸ்துமஸ். எனக்கு ஹீட்டர் சத்தம்.

விஷாகாவும் அவளும் ஒரே ஃப்ளைட்டில் போனார்களாம். அது போதும். போதுமா? போதும்.

ஜனவரி 10, சனி

போனேன்.

காலை ஏழு மணிக்கு ஆற்றுக்கடியில் போகும் பாத் ரயில், மன்ஹாட்டனில் பஸ், மூன்று மணி நேரம், அப்புறம் பனியில் நாற்பது நிமிட நடை. மங்கி கேப்பும் கையில் சப்பாத்தி டப்பாவுமாக ஜிம் வாசலில் போய் நின்றேன். மேசையில் சுருட்டை முடிக்காரப் பெண் ஒருத்தி. மாணவிதான்.

‘பதினோராம் எண். அப்பா என்று இருக்கும்’ என்றேன்.

விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். மறுபடி கீழிருந்து மேலே போனாள். ‘சாரி சார், பதினோராம் எண்ணுக்கு அப்படி யாரும் இல்லை.’ பின்னால் நின்றவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். டிக்கெட் எடுத்துக்கொண்டு மேலே கடைசி வரிசையில், பேண்ட் வாத்தியக்காரர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

போன வருடத்திலிருந்து நான் போகாத நாளெல்லாம் அந்த மேசையில் ‘அப்பா’ உட்கார்ந்திருந்தது. போன அன்றைக்கு இல்லை.

வாயைத் திறக்கவில்லை. ஆஷ்ஃபீல்டு எட்டுப் பாயிண்டில் தோற்றது. இடப்பக்கம் தள்ளுவதை எல்லா அணியும் கற்றுக்கொண்டுவிட்டது. ஆட்டம் முடிந்ததும் கீழே போகாமல் பஸ்ஸுக்கு நடந்தேன். சப்பாத்தியை பஸ்ஸில் நானே தின்றேன்.

ஜனவரி 17, சனி

மறுபடியும் போனேன். லிஸ்டில் இல்லை. கேட்காமலே டிக்கெட் எடுத்தேன். வியாழக்கிழமை பொங்கல், குக்கரில் பொங்கல் வைத்தது அடிப்பிடித்துப் போயிற்று, இருந்தாலும் ஒரு டப்பாவில் கொண்டுபோனேன். கொடுக்க ஆளில்லை. பேண்டில் டிரம் அடிக்கும் பெண் ‘என்ன சார் அது, வாசனையா இருக்கு?’ என்று கேட்டாள். கொடுத்தேன். டப்பாவைக் காலி பண்ணித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

வெற்றி. நான்கு பாயிண்டில். இரண்டாம் பாதியில் ஒரு தடவை இடது கையால் பாஸ் கொடுத்தாள். கூடுதல் தட்டு இருந்தது, ஆனால் சின்னதாக.

ரசிகர் பக்கத்தில் ‘பீட் எங்கே? உடம்பு சரியில்லையா?’ என்று விசாரிக்கிறார்கள். பதில் போடவில்லை.

ஜனவரி 31, சனி

ஆட்ட இடைவேளையில் விஷாகா படியேறி வந்தாள். இரண்டு படி கீழேயே நின்றுகொண்டாள்.

‘அங்கிள், நான் இன்னும் உங்க மேல கோவமாத்தான் இருக்கேன்.’

‘இருக்கணும்மா. உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னுதான்...’

‘ஆன்ட்டி வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட எல்லாம் பேசிட்டாங்க. இட்ஸ் ஓகே. இல்ல, ஓகே இல்ல. ஆனா...’ கோர்ட்டைத் திரும்பிப் பார்த்தாள். ‘தினம் காலைல ப்ராக்டிஸுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், வலது கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு ஆடறா. நான்தான் பந்து பொறுக்கிப் போடறேன். அவ சொல்லச் சொல்லல. நானா சொல்றேன்.’

‘நான் வர்றது அவளுக்குத் தெரியுமா?’

‘அந்தக் குல்லாயப் பார்த்தா யாருக்குத் தெரியாது?’

போய்விட்டாள். குல்லாயைக் கழற்றினேன். குளிராக இருந்தது, திரும்பப் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 7, சனி

பனிப்புயல். பஸ் இல்லை. லேப்டாப்பில், தூணுக்குப் பின்னாலேயே பார்த்தேன். தோல்வி. இனி ஒரே ஆட்டம் பாக்கி. மார்லோ, சொந்தக் கோர்ட்டில். ஜெயித்தால் நான்காம் இடம், தோற்றால் சீசன் முடிந்தது.

செயின்ட் ஆல்டன் ஆறாம் இடத்தில் கிடக்கிறது. கிரேவ்ஸ்போர்ட் இரண்டாம் இடத்தில். மதிப்பீட்டில் நான் சொன்னது எல்லாமே பலித்திருக்கிறது. ஒன்று மட்டும் பலிக்காமல் போகட்டும், மீனாட்சி தாயே.

பிப்ரவரி 14, சனி

ஆஷ்ஃபீல்டு 58, மார்லோ 55. நான்காம் இடம்! என் கணக்குத் தப்பாகப் போனதற்கு நான் எழுந்து நின்று கைதட்டியது இதுதான் முதல் தடவை. அடுத்த வாரம் கிரேவ்ஸ்போர்ட்டைத் தாண்ட வேண்டும், அது கஷ்டம். மார்ச் தெரியாது.

அதே மார்லோ, அதே ‘லெஃப்ட்! லெஃப்ட்!’ கூச்சல். ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். கடைசி நிமிடத்தில் இரண்டு பேர் வலப்பக்கத்தை அடைத்தார்கள். இடப்பக்கம் போனாள். தட்டவில்லை. வந்த வேகத்திலேயே இடது கையால் பந்தைத் தள்ளிவிட்டாள், கூடைக்கடியில் நின்றவள் போட்டாள். நான் இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். கத்தவில்லை. ஆனால் அழுதேன், அதற்கு அவள் தடை சொன்னதில்லையே.

இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால், வாசல் மேசையில், டிக்கெட்டுக்கென்று பாக்கெட்டில் கைவிட்டேன். சுருட்டை முடிக்காரப் பெண் ‘இருங்க சார்’ என்றாள். ‘வாராவாரம் வர்றீங்க. ஒரு தடவை பார்த்துடறேன்.’

வேண்டாம்மா, இருக்காது என்றேன். அதற்குள் விரலை வைத்துவிட்டாள்.

‘அப்பா இல்லை’ என்றாள். ‘ஆனா பதினோராம் எண்ணுக்கு ஒரு பேர் போட்டிருக்கு, இந்த ஒரு பேர்தான்.’ என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மங்கி கேப், கண்ணாடி, கையில் எலுமிச்சை சாதம். நம்பிக்கை இல்லாமல்தான் கேட்டாள்.

‘ஜெர்சி பீட். அது நீங்களா?’

பின்னால் வரிசையில் இருபது பேர் நின்றிருந்தார்கள். ரசிகர் பக்கத்து ஆட்கள்கூட இருந்திருப்பார்கள்.

‘ஆமாம்மா, நான்தான்’ என்றேன். தமிழில்தான் வந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது, உள்ளே விட்டாள்.